மூளையார்ந்த நன்றி

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் ‘மனசு’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு மனிதர் தடை போட்டிருந்தார். தெருவே அடங்கி நடந்தது. வேறு வழி? மோட்டார், மிக்ஸி ரிப்பேருக்கு அவரை விட்டால் ஆளில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் என்பதால் காயில் அண்ணாத்தே.

“மனுசனும் மோட்டார்தான் மாமே. மூளைதான் காயில். அது பொகஞ்சா ஆளு காலி. நடுவுல மனசுன்னு இன்னா பார்ட்டு கீது, காட்டு பாப்போம்” என்பார்.

ஒருமுறை தண்ணீர் ஏறாமல் அவரிடம் ஓடியபோது, “கொஞ்சம் மனசு வச்சு இன்னைக்கே முடிச்சுக் குடுங்கண்ணே” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“இன்னாத்த வச்சி?”

“மூளை வச்சுண்ணே.”

ஸ்பேனர் மறுபடி கைக்கு ஏறியது.

மகள் கல்யாண பேனரில் ‘மனமார வாழ்த்துகிறோம்’ என்பதை ‘மூளையார’ என்று மாற்றி அடித்தார். மாப்பிள்ளைக்கு மூளை கம்மி என்று குத்திக்காட்டுகிறார்களோ என்று சம்பந்தி வீட்டார் பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார்கள்.

அவர் மனைவி சரசக்கா மட்டும் தடையை மதித்ததே இல்லை. “உனுக்கு மனசே இல்லய்யா” என்பார். “யாருக்குமே இல்லடி” என்று இவர் பெருமையாகச் சிரிப்பார்.

போன ஆடியில் சரசக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்து, பேச்சு நின்றுபோனது. மூளையில் பேசுகிற இடமே அடிபட்டிருக்கிறது, ஆள் அடையாளம் தெரிவதும் சந்தேகம் என்றார் டாக்டர்.

“காயில் பொகஞ்சிச்சி மாமே. என் கணக்குப்படி அவ இல்ல” என்றார் அண்ணாத்தே. சொன்னாரே தவிர, ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. நாங்கள் சட்னி இல்லாமல் இட்லி தின்றோம்.

வீட்டுக்கு அழைத்து வந்தும் சரசக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் போன அன்று அண்ணாத்தே கஞ்சி ஊட்டிக்கொண்டே, “சரசு, நீ திட்டாம எனுக்கு மனசே செரியில்ல” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சரசக்கா மெல்லத் திரும்பினார். இடது கையைத் தூக்கி, புருஷன் நெஞ்சில் வைத்தார்.

“கீது” என்றார்.

அண்ணாத்தே கரண்டியோடு தெருவுக்கு ஓடினார். “சரசு பேசிட்டா! எனுக்கு மனசு கீதாம்!”

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், “பொகஞ்ச காயில்ல கரண்டு எங்கேர்ந்து மாமே வந்துச்சி?” என்று கேட்டார்.

“மூளையில வேற இடம் அந்த வேலைய எடுத்துக்கிட்டிருக்கும்ணே” என்றேன்.

“நீ சும்மா இரு. அவ கீதுன்னா கீது.”

இப்போது சரசக்கா பழையபடி திட்டுகிறார். தெருவில் தடையும் நீங்கிவிட்டது. நான் மட்டும் ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியைத் திரும்ப வாங்கும்போதெல்லாம் “மூளையார்ந்த நன்றிண்ணே” என்றுதான் சொல்கிறேன். மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை.