இருபது மூஞ்சி அண்ணனும் நாலு புதுப் பேய்களும்

விருத்தாசலத்தில் பேய்களுக்கு வேலை போட்டுக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் இருபது மூஞ்சி அண்ணன்தான். இன்னொருவர் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணனுக்கு மூஞ்சி ஒன்றுதான், அதுவும் சுமார்தான். பீங்கான் கம்பெனியில் அச்சு மாஸ்டர். கப், ஜாடி, ஃபியூஸ் கட்டை, எதுவாக இருந்தாலும் அதற்குப் பிளாஸ்டரில் அச்சு எடுப்பது அவர் வேலை. அதே கம்பெனியில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் கிளார்க் நான். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பீங்கான் பகடை இருக்கும். சொந்தக் கையால் செய்து சூளையில் சுட்டது. அதற்கு இருபது பக்கம். பெயர் அங்கிருந்து வந்தது.

டீக்கடையில் டீயா காபியா என்பதை அந்தப் பகடைதான் முடிவு செய்யும். ஒருநாள் மேனேஜர், "அச்சு எப்பய்யா ரெடியாவும்?" என்று கேட்டார். அண்ணன் துண்டை நாலாக மடித்து மேசைமேல் விரித்து, பகடையை உருட்டினார். வெறும் மேசையில் உருட்டினால் முனை சில்லு பெயர்ந்துவிடுமாம்.

"பதினாலு வுழுந்திருக்குது சார். வியாழக்கெழம குடுத்துடலாம்."

மேனேஜர் திட்டித் தீர்த்தார். ஆனால் வியாழக்கிழமை காலையில் அச்சு அவர் மேசைமேல் இருந்தது. அதற்குப் பிறகு அவசர ஆர்டர் வந்தால் மேனேஜரே, "அத கொஞ்சம் உருட்டிப் பாருய்யா" என்று கேட்க ஆரம்பித்தார்.

அண்ணன் கல்யாணம் ஆகாதவர். அதையும் உருட்டிப் பார்த்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அவர் முன்பு சில வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்தவர். அங்கே கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் கற்றுக்கொடுத்த விளையாட்டு இது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். 'கதவை உதைக்கிறேன்' என்று சொன்னால் போதும். உடைவது கதவா காலா என்பதைப் பகடை சொல்லும். ஊர் திரும்பிய அண்ணன் என்னையும் ஆட்டோ ஓட்டும் லூர்துவையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் குடியிருந்த மாடி அறையில் ஆட்டம். வீடு லூர்துவின் அக்கா ரெஜினாவுடையது.

இரண்டு வருடம் வாள் வீசினோம், வில் வளைத்தோம். பிறகு ஒருநாள் அண்ணன் பிரவுசிங் சென்டரிலிருந்து கையில் காகிதக் கட்டோடு ஓடி வந்தார். பிலிப்பைன்ஸ்காரன் மெயிலில் புதுச் சரக்கு அனுப்பியிருந்தான். இனிமேல் பேயைப் பார்த்து ஓட வேண்டாம், நாமே பேயாகலாம். நாலு வகை. அண்ணன் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, ஆளுக்கொரு தாள் போட்டார். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற எனக்கு ரத்தம் குடிக்கிறவன் வேடம். லூர்துவுக்குச் செத்துப் பிழைச்சவன். பசி, மூச்சு எதுவும் கிடையாது.

"அப்ப டீ குடிக்கலாமாண்ணே?" என்றான் லூர்து.

"குடிக்கலாம். ருசி தெரியாது."

"ஒங்க கம்பெனி டீ மாதிரின்னு சொல்லுங்க."

மூடுபனிக்குள் ஒரு கோட்டை, அதற்குள் ஒரு ராஜா பேய். கதையை விளக்க அண்ணன் பொம்மையே செய்தார். ராஜாவை வெள்ளை மண்ணில் நெட்டையாக, வேலைக்காரப் பேய்களைச் சிவப்பு மண்ணில் கொஞ்சம் குட்டையாக. சூளையில் ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும் என்பது அச்சு மாஸ்டருக்குத் தெரியாததா? பேய் வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டார். சுட்டு எடுத்துப் பார்த்தால், வேலைக்காரன் காதளவுக்குத்தான் ராஜா இருந்தார். நாங்கள் சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் நிதானமாகச் சொன்னார்.

"சாபம்ப்பா. வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வர்றாரு. அதான் அந்தாளுக்கு அவ்ளோ கோவம்."

இந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு மிளகாய் காய்ந்த நாளில். மொட்டை மாடியில் மிளகாய் உலர்த்தப் போன ரெஜினா அக்காவின் காலடியில் காற்று ஒரு தாளைக் கொண்டுவந்து போட்டது. அதில் இப்படி எழுதியிருந்தது: 'லூர்து. செத்துப் பிழைச்சவன். உயிர் 14.' பதினாலை அடித்துப் பதினொன்று. அதையும் அடித்து ஒன்பது. விளையாட்டில் அடிபட அடிபட உயிர்க் கணக்கு குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம்தான் லூர்து காய்ச்சலில் மூன்று நாள் ஆட்டோ எடுக்காமல் படுத்திருந்தான்.

"எந்தம்பி உசுர எழுதி எழுதி அடிக்கிறீங்களா மாஸ்டரு? அஞ்சு வருஷமா சோறு போட்ட வூட்டுல பண்ற வேலையா இது? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

லூர்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். செய்வினை வைக்கப்பட்டவன் அப்படித்தான் பேசுவான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

அண்ணனுக்கு அந்த மாடி அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பெண்ணாடம் பக்கம் பிறந்த வீடு உடன்பிறந்தவர்கள் பாகத்தில் போய்விட்டது. பேய் வைத்து ஆட்டுகிறவர் என்று பெயர் கிளம்பினால் விருத்தாசலத்தில் ஒரு கோழிக் கூண்டுகூட வாடகைக்குக் கிடைக்காது. அதைவிட, ரெஜினா அக்கா வீட்டில்தான் அவரை யாராவது "சாப்ட்டீங்களா" என்று கேட்டார்கள். மறுநாள் டீக்கடையில் டீயா காபியா என்று கேட்டதற்கு, "எதுன்னா குடு" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவரே அக்காவிடம் போய் நின்றார். "ஞாயித்துக்கெழம வந்து ஒக்காந்து பாருங்கக்கா. தப்புன்னு பட்டுச்சுன்னா திங்கக்கெழமையே பொட்டி கட்டிடுறேன்."

நானும் லூர்துவும் கெஞ்சினோம். "அண்ணே, அன்னிக்கு ஒரு நாளைக்கு பேய் வேணாம்ணே. நாலு சம்மனசு, தேவதூதருன்னு வெச்சு எதுனா சொல்லிடுங்க."

"அக்காள ஏமாத்திக் குடியிருக்கச் சொல்றியா?" என்றார் அண்ணன்.

ஞாயிறு பூசை முடிந்து ரெஜினா அக்கா மாடிக்கு வந்தார். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் தீர்த்த பாட்டில். வாசல் ஓரமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"சும்மா ஒக்காந்து பாக்குறதுன்னு இதுல கெடையாதுக்கா. ஒரு ஆளாச் சேந்துக்கணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அக்கா கோபப்படாமல், "என்னென்ன ஆளு இருக்குது, படிங்க" என்றார்.

"ரத்தம் குடிக்கிறவங்க."

"தவக்காலத்துல கறியே திங்கறதில்ல. ரத்தமா?"

"சூனியக்காரி பெத்த புள்ள."

"எங்கம்மாவ எதுக்கு இழுக்குறீங்க?"

"செத்துப் பொழைச்சவங்க."

"அதான் எந்தம்பிய ஆக்கி வெச்சிருக்கீங்களே. அப்புறம்?"

"கூடவே ஒரு ஆவி வர்றவங்க. செத்துப்போன சொந்தக்காரங்க யாராவது. வாரத்துக்கு ஒரு கேள்வி கேக்கலாம், பதில் சொல்லும்."

அக்கா ஜெபமாலையை மடியில் வைத்தார். "யாரு ஆவின்னு நாமளே சொல்லலாமா?"

"சொல்லலாம்க்கா."

"சேவியர்னு எழுதுங்க."

சேவியர் மாமா அக்காவின் கணவர். லாரி டிரைவர். அண்ணன் அந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே இறந்துபோனவர், அண்ணன் அவரைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை. சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார். வேப்பூருக்கு அந்தப் பக்கம் விபத்து. அதன்பிறகு அந்த வீட்டில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. லூர்து சொல்லி எனக்கும் அண்ணனுக்கும் தெரியும்.

அண்ணன் ஆட்டத்தைத் தொடங்கினார். மூடுபனி, கோட்டை, சாத்திய கதவு. உள்ளே ராஜா பேயின் செருப்புச் சத்தம். வழி தெரியாமல் நாங்கள் மூவரும் இருட்டில் நிற்கிறோம்.

"அக்கா, மாமாகிட்ட கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு கேளுக்கா" என்றான் லூர்து.

அக்கா கதவைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"கோவத்தோடதான் போனியா?"

கோட்டை, பேய் எல்லாம் எங்கோ போய்விட்டன. நானும் லூர்துவும் தரையைப் பார்த்தோம். எப்போதும் பேய்க்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசும் அண்ணன் தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார்.

"வேப்பூரு வர்றதுக்குள்ள கோவம் போயிடுச்சு ரெஜினா. திரும்பி வந்து சாப்புடலாம்னுதான் இருந்தேன்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தாளு இப்படித்தான் சொல்லும்" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது.

"கதவு எங்கன்னு கேக்கவே இல்லியேடா லூர்து."

"வாரத்துக்கு ஒரு கேள்விதான்க்கா."

"அப்ப அடுத்த வாரம் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் டீ போடக் கீழே இறங்கிப் போனார். காலி செய்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

சாயங்காலம் தெருமுனை வரை அண்ணன் என்னை வழியனுப்ப வந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. "அண்ணே, அவரு கோவம் போயிடுச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன். "ஆனா வேப்பூருக்கு லாரியில எப்படியும் அர மணி நேரத்துக்கு மேல ஆவுது இல்ல? சாப்புடாத ஒரு மனுஷனுக்குக் கோவம் அவ்ளோ நேரம் நிக்குமா சொல்லு?"

கல்யாணமே ஆகாத மனிதர் சொன்ன கணக்கு இது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறினால், இன்றைக்கும் வேப்பூர் வருவதற்குள் நான் என் மனைவிக்குப் போன் செய்துவிடுகிறேன்.