தலைக்கனம் பிடித்த துப்பாக்கி

இந்த வருஷம் எங்கள் கம்பெனி ஏர் ரைபிள் போட்டியில் கோப்பையை வாங்கியே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. எனக்கு அங்கே குவாலிட்டி செக்‌ஷன். அடுத்தவன் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். வீட்டில் அந்த உத்தியோகம் என் மனைவி பெனிட்டாவுடையது. அவளுக்குப் போன் கம்பெனியில் நைட் ஷிப்டு. நான் வேலைக்குக் கிளம்பினால் அவள் வீட்டில்.

துப்பாக்கி, மாற்றலாகிப் போன ஒரு சூப்பர்வைசரிடம் பழசாக வாங்கியது. ஒரே குறை. குழல் கனம், பின்னாலிருக்கும் மரக்கட்டை லேசு. தோளில் வைத்துக் குறி பார்த்தால், பிரசங்கத்தில் தூங்குகிறவன் தலை மாதிரி முன்பக்கம் மெல்லக் கவிழும்.

"தலைக்கனம் புடிச்ச துப்பாக்கி" என்றேன்.

"ஆளைப் பாத்துத்தான் வந்து சேந்திருக்கு" என்றாள் பெனிட்டா.

கேட்காதவன் மாதிரி, துடைப்பத்தை விரல்மேல் படுக்கவைத்து அவளுக்கு விளக்கினேன். துப்பாக்கி மூன்று கிலோ. அது விரலில் சமமாக நிற்கும் இடம், நிற்க வேண்டிய இடத்துக்கு, அதாவது என் இடது கை தாங்கும் இடத்துக்கு, ஐந்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்திலிருந்து கட்டையின் பின்முனை நாற்பது சென்டிமீட்டர். மூவாயிரம் கிராமை ஐந்தால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் முந்நூற்று எழுபத்தைந்து. அத்தனை கிராமைப் பின்முனையில் ஏற்றினால் துப்பாக்கி அடங்கும்.

"நான் ஒரு தடவ தூக்கிப் பாக்கட்டா?"

"இது கணக்கு விஷயம் பெனி. நீ தொட்டா எல்லாம் மாறிடும்."

"சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே சரியில்லை. எனக்கு அது உறைக்கவில்லை.

சுங்குவார்சத்திரம் டயர் கடையில், சக்கரத்தில் ஒட்டும் ஈயத் துண்டுகளை ஒரு பொட்டலம் வாங்கினேன். கட்டையின் பின்னாலிருக்கும் ரப்பரைக் கழற்றினால் உள்ளே குழி. ஈயத்தை நிறுத்து, குழிக்குள் ஒட்டி, மூடினேன். விரலில் வைத்தால் அசையவில்லை. மீதி ஈயத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து தூக்கினால் குழல் விட்டத்தைப் பார்க்கிறது. மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடை. கொஞ்சம் ஈயத்தை எடுத்துச் சமமாக்கினேன். அடுத்த நாள் மறுபடி விட்டம். ஈயம் குட்டி போடுமா? பக்கத்து வீட்டு மணிகண்டபிரபுவைக் கூப்பிட்டேன். அவன் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். கட்டையை முகர்ந்து பார்த்தான்.

"மரம் ஈரம் இழுத்துகினு கீதுபா. அரிசில போட்டு வை."

போட்டு வைத்தேன். அரிசி மூட்டையில் கொடிக்கம்பம் மாதிரி துப்பாக்கி நின்றது. எடுத்தபோது இன்னும் கனம். பெனிட்டாவிடம் யாராவது இதைத் தொட்டார்களா என்று கேட்டேன். தூசு தட்டினேன் என்றாள். தூசுக்கு எத்தனை கிராம் இருக்கும் என்று ஒரு ஷிப்டு முழுக்க யோசித்தேன். லைனில் நல்ல பாகத்தையெல்லாம் ரிஜெக்ட் செய்து திட்டு வாங்கினேன். கடைசியில் கணக்கைக் கைவிட்டு, இருந்தது இருந்தபடியே போட்டிக்குத் தூக்கிப் போனேன்.

ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் சேர்த்து ஒரே கோப்பை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நான் சுட்டேன். இலக்கு அட்டைக்கு மேலே சுவரில் நல்ல குறி. இறங்கி வந்தால், பெனிட்டா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு என் துப்பாக்கிக்குக் கை நீட்டினாள்.

அவள் தோளில் அது கவிழவும் இல்லை, நிமிரவும் இல்லை. பெற்ற தாயிடம் வந்த பிள்ளை மாதிரி கிடந்தது. அட்டையின் நடுவில் ஓட்டைமேல் ஓட்டை. நடுவர் எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். காலேஜில் மூன்று வருஷம் என்.சி.சி., துப்பாக்கி சுடுவதில் மெடல் என்றாள்.

"என்கிட்ட சொன்னதே இல்லியே பெனி."

"நீங்க கேட்டதே இல்லியே."

"அப்போ அந்த ஈயம்?"

"உங்க கணக்குல தப்பே இல்லீங்க. உங்க கைக்குப் போட்டீங்க. எனக்குக் கை குட்டை, பிடிக்கிற இடம் பின்னாடி வரும். அதான் நீங்க போனப்புறம் ஜன்னல்ல இருந்தத எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஒட்டுனேன். கை வலிக்காம நின்னுச்சு, நிறுத்திட்டேன்."

மூன்று கிலோவையும் நாற்பது சென்டிமீட்டரையும் மனசுக்குள் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கோப்பையை அவளிடம் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டிக்கும் அவள் பேரை எழுதிக்கொண்டார்கள்.

வல்லக்கோட்டை தாண்டி பைக்கில் வரும்போது, அன்றைக்கு நானும் கூட வந்து ஏதாவது உதவி செய்யட்டுமா என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

"வேணாங்க. நீங்க வூட்ல இருந்து மீன் வாங்கி, கழுவி, வெட்டி, கொழம்பு வெச்சிடுங்க. போட்டி அன்னிக்கு எனக்குக் கை நடுங்கக் கூடாது."