ஆணிப் பலகைக்கு மூணு அதிகாரி

இரும்புல ஆணி இறங்காது. இதுல யாருக்கும் ஆட்சேபணை கிடையாது, எங்க ஊர் ஆபீசுக்குக்கூட. அதனால இரும்பு உத்தரத்து மேல நீளமா ஒரு பலகையை வச்சு, துளை போட்டு, போல்ட்டால முடுக்கிடுவாங்க. அப்புறம் கூரை மரத்தை அந்தப் பலகையில ஆணி அடிச்சுக்கலாம். அதுக்குப் பேரு ஆணிப் பலகை. அவ்வளவுதான் சங்கதி.

வெர்னா திபடோவோட சாப்பாட்டுக் கடைக்கு எதுக்கு இரும்பு உத்தரம்னு கேப்பீங்க. கோடைக்கு எங்க மெய்ன் மாநிலத்துப் பக்கம் வர்ற பாஸ்டன் ஜனங்களுக்கு, தலைக்கு மேல இரும்பு தெரிஞ்சாத்தான் சாப்பாடு தொண்டையில இறங்குதாம். இப்ப அதான் நாகரிகம். வெர்னா புருஷன் பழைய கூரையே போதும்னார். அவர் பேச்சை அவ கேட்டது கல்யாணத்தன்னிக்கு மட்டும்தான், அதுவும் பாதிரியார் பக்கத்துல நின்னதால. அது கிடக்கட்டும். பழைய கூரையைப் பிரிச்சாச்சு. பனி விழறதுக்குள்ள புதுசு ஏறலைன்னா கடை அம்போ.

எங்க ஊர்ல கட்டடத்தைச் சோதிக்க ரெண்டு அதிகாரி. இரும்புக்கு ஆல்டன் பிக்ஃபோர்ட், மரத்துக்கு நார்மன் சிர். நார்மன் போன வருஷம் ஒரு காட்டு மான் மேல காரை விட்டுட்டு, மான் மேல புகார் கொடுத்த ஆளு. மான் இன்னும் ஆஜராகல.

உத்தரத்தை ஏத்திப் பலகையையும் மாட்டினதும், முதல்ல ஆல்டன் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பலகை மறைக்குதே வெர்னா. இரும்பைப் பார்க்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பலகையைக் கழட்டினாங்க. உத்தரத்துல போல்ட்டு மட்டும் மொட்டையா நின்னுச்சு. பிரமாதம்னு கையெழுத்துப் போட்டார். அடுத்து நார்மன், கீழே கிடந்த பலகையைத் தட்டினார், மோந்துகூடப் பார்த்தார். அவரும் கையெழுத்துப் போட்டார். சரி, மாட்டிக்கலாமான்னு வெர்னா கேட்டா. மாட்டினா போல்ட்டு உள்ள வந்துடும், போல்ட்டு ஆல்டனோடதுன்னார் நார்மன். ஆல்டனைக் கேட்டா, பலகை நார்மனோடதுன்னார். ஆக இரும்பு சட்டப்படி சரி, பலகையும் சட்டப்படி சரி, ரெண்டும் சேர்ந்தா குத்தம்.

"அப்ப கூரை காத்துலயா நிக்கும்?"ன்னு கேட்டார் தச்சர்.

"காத்து எங்க இலாகா இல்லைப்பா"ன்னார் ஆல்டன்.

எங்க ஊர்ல எந்த வழக்கும் கடைசியில பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்குத்தான் வரும். ஊரே உக்காந்து கையைத் தூக்கித் தீர்மானம் போடணும். அவசரக் கூட்டம் கூட்டி, ரெண்டு அதிகாரியை ஒருத்தராக்குங்கன்னு கேட்டா வெர்னா. ஆளாளுக்குக் கூடத்துக் கூரையைப் பார்த்தோம். நார்மன் பொண்டாட்டி முன்வரிசையில உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கா. ஆல்டன் பாதி ஊருக்குப் பங்காளி. அப்ப ஒருத்தர் எழுந்து, யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், இரும்புக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட பகுதிக்கு மூணாவதா ஒரு அதிகாரியைப் போடலாம், காகித ஆலை மூடினதுல இருந்து வெர்னா மருமகன் டரெல் சும்மாதானே இருக்கான்னார்.

முதல்ல எழும்பின கை வெர்னாவோடது. அப்புறம் எங்க எல்லாரோடதும். நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நாலாவது அதிகாரி வேலை வராதுன்னு யாரு கண்டா?

தச்சர் பலகையைக் கச்சிதமா முடுக்கி வச்சிருந்தார். டரெல் புதுத் தொப்பியோட வந்து சுத்திச் சுத்திப் பார்த்தான்.

"அத்தை, ரெண்டும் ஒட்டிக்கிட்டில்ல இருக்கு? நடுவுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க."

"பிரிச்சா அப்புறம் எங்கடா இணைப்பு?"

"பிரிச்சதைப் பார்க்கத்தான் ஆல்டனும் நார்மனும் இருக்காங்களே அத்தை."

அன்னிக்குச் சாயங்காலமே பனி கொட்டிடுச்சு. சனிக்கிழமைன்னா எங்க ஊர்ல அவரைக்கொட்டை விருந்து, அதை வெர்னா கடையில தார்ப்பாய்க்கு அடியில உக்காந்து சாப்பிட்டோம். தட்டுல பாதி அவரை, பாதி பனி. எல்லாருமா சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினோம். ஆல்டன், நார்மன், டரெல் மூணு பேரும் எங்களைவிடச் சத்தமாத் திட்டினாங்க. இந்த அதிகாரிங்களையெல்லாம் எவன்யா வேலைக்கு வச்சதுன்னு கேட்டார் ஒருத்தர்.

ஒரு கையும் எழும்பல.