பொந்துவாசிகள் மீதான நடவடிக்கை

மனித குலம் சட்டம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே, என்றாவது ஒருநாள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற அமெரிக்கப் புறநகரில் ஒரு வீட்டு உரிமையாளர் சங்கம் தோன்றும் என்ற நம்பிக்கையில்தான். தோன்றியது. அதற்கு நஞ்சுண்டன் தலைவரானார்.

பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்ட அவர், மாலையில் நாகரிகத்தைப் பார்த்துக்கொண்டார். பால்கனியில் புடவை காயப்போடும் வழக்கத்தை ஒழித்தது அவர்தான்.

அந்த ஜூன் மாதம் நாகரிகத்துக்கு ஆபத்து வந்தது. பார்க்கிங் ஓரம் நின்ற கிழட்டு ஓக் மரத்தின் பொந்திலிருந்து, பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் கிளம்பின. நஞ்சுண்டன் நாற்காலி போட்டு எண்ணினார். அறுபத்து மூன்று. ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பது சங்க விதி. பொந்தில் படுக்கையறையே இல்லை.

அவசரக் கூட்டம் கூடியது. ஹைஸ்கூலில் உயிரியல் நடத்தும் ரசியா பேகம் எழுந்தார்.

"அண்ணா, அது எல்லாமே தாய் வௌவால். உள்ள குட்டிங்க இருக்கு, இன்னும் பறக்காது. ஆகஸ்ட் வரைக்கும் வெயிட் பண்ணுங்க, அதுங்களே கிளம்பிடும்."

"குட்டிங்களை டிக்ளேர் பண்ணிருக்காங்களா?"

"யாரு?"

"அவங்கதான்."

"வௌவாலாண்ணா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க."

செயலாளர் சுஹாஸ் தொண்டையைக் கனைத்தார். "மரம் வெட்டறவங்க ஜூலைல மட்டும்தான் ஃப்ரீ. ஆகஸ்ட்ல வெகேஷன் போறாங்க."

ஒரு தரப்பின் விடுமுறையைச் சங்கம் மதித்தது.

மரத்தில் பதினான்கு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருட்டில் வாசிப்பவர்களின் வசதிக்காக ஒரு சோலார் விளக்கும் பொருத்தினார்கள். ரசியா கொடுத்த ஆட்சேப மனு, 'பாதிக்கப்பட்டோர் கையெழுத்து இல்லை' என்ற குறிப்புடன் மரியாதையாகத் திரும்பி வந்தது.

ஜூலையில் ஒரு காலை ரம்பம் ஓடியது. பொந்து இருந்த துண்டு தரையில் விழுந்து பிளந்தது. பெரியவை சிதறிப் பறந்தன. கட்டைவிரல் அளவேயான மற்றவை மரத்தூளில் நெளிந்தன. ரசியா தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, உயிரோடிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துண்டு விரித்த ஷூ டப்பாவில் வைத்தார். நஞ்சுண்டனை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதி எண்ணையாவது சொல்லியிருக்கலாம். நஞ்சுண்டன் டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை பெரியவை வந்து, மரம் இல்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நஞ்சுண்டன் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்ட மனைவி தாமரைச்செல்வியிடம் அசிடிட்டி என்றார்.

ஆனால் செயல்வீரர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? 'வௌவால் நலத் துணைக்குழு' பிறந்தது. ஆன்லைனில் வாங்கிய வௌவால் பெட்டி ஒன்று கம்பத்தில் ஏறியது. அதற்குள் எதுவும் குடியேறவில்லை. அதனாலென்ன, டவுன்ஷிப்பின் 'பசுமைக் குடியிருப்பு' விருதுக்கு அப்ளை பண்ண அது போதும். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ரசியாவுக்கு போன் போட்டார்.

"மேடம், அந்தக் குட்டிங்களை வைல்ட்லைஃப் சென்டர்ல குடுத்தீங்களே... எத்தனைங்க?"

"பத்தொம்பது குடுத்தேண்ணா."

"இல்லைங்க... பொழச்சது?"



"ரெண்டு."

நஞ்சுண்டன் கர்சரைக் காலிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறகு, பொய் எழுதும் பழக்கம் இல்லாதவர் என்பதால், உள்ளதை உள்ளபடி நிரப்பினார்.

'இத்திட்டத்தால் பயனடைந்த வௌவால்கள்: இரண்டு.'