வெறும் பிடிப்புதான்

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு வீரம் வந்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. கண்ணாடிக்காரருக்கு வந்தது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். இருபது வருஷமாக அடுத்தவர் கண்ணுக்குள் குனிந்து குனிந்து பார்த்ததில் அவருக்குத் தொப்பை ஒன்றும், எதற்கும் 'சரி' என்று தலையாட்டும் பழக்கம் ஒன்றும் சேர்ந்திருந்தன. எதிர்மாடியில் மல்யுத்தப் பயிற்சிக்கூடம் திறந்தார்கள். குத்து கிடையாது, உதை கிடையாது. கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி, கையையோ கழுத்தையோ மடக்க வேண்டும். மடங்கியவன் தோல்வியை ஒப்புக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினால் பிடியை விட்டுவிடுவார்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்த கண்ணாடிக்காரர், தடித்த வெள்ளைச் சட்டையும் இடுப்புக் கச்சையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எலும்பு முறிவு வார்டு. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த வார்டுலேர்ந்து தப்பிச்சு வந்தீங்க?"

"கிண்டல் பண்ணாத. மல்யுத்தம். வாரம் மூணு நாள்."

"மூணு வாரம் தாங்காது."

"மூணு மாசம்! ஒரு வகுப்பு விடாம போய்க் காட்டறேன்."

"சும்மா போய் உக்காந்துட்டு வந்தா ஒத்துக்க மாட்டேன். ஆளோட ஆள் இறங்கணும்."

"இறங்கறேன். ஒரு நாள் தவறினாலும் இந்தச் சட்டையை எடுத்துத் தரை துடைச்சுக்கோ. தவறலைன்னா இதைப் பத்தி ஆயுசுக்கும் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனாலும் சட்டையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். கனமான பருத்தி. தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

பயிற்சிக்கூடத்தில் கண்ணாடிக்காரர் ஒரே ஒரு கொள்கை வைத்துக்கொண்டார். தட்டுவதில்லை. வீட்டில் இருபது வருஷமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறவர், பாயிலாவது தட்டாமல் இருக்க வேண்டாமா? அவரில் பாதி வயசுப் பையன்கள் அவரைத் துணி மூட்டை கட்டுவது போலக் கட்டி மேலே உட்கார்ந்தார்கள். முகம் சிவந்தது, நீலமானது, வேறு சில நிறங்களும் ஆனது. தட்டவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே கிடந்தார்.

"அண்ணே, தட்டறது கேவலம் இல்ல. நாளைக்கு மறுபடி வரணும்னுதான் தட்டறோம்" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது என் ரத்தத்துலயே கிடையாது மாஸ்டர்!"

ரத்தத்தில் இல்லைதான். முதுகு என்று ஒன்று இருந்தது. அது இரண்டாம் மாதம் முனகியது. மூன்றாம் மாதம் வாய்விட்டுப் பேசியது. காலையில் எழுந்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே பலகை. 'வலி' என்று ஒரு வார்த்தை சொன்னால் நர்ஸ் வீட்டை விட்டே அனுப்ப மாட்டாள், வகுப்பு தவறும், சட்டை வாளிக்குள் போகும். அதனால் கண்ணாடிக்காரர் தன் அகராதியிலிருந்து அந்த வார்த்தையைக் கிழித்து எறிந்துவிட்டார்.

முப்பத்தெட்டு வகுப்பு முடிந்தது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. வியாழக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது பேஸ்ட் மூடி கீழே விழுந்தது. குனிந்தார். போனது போனதுதான், முதுகு திரும்பி வரவில்லை.

"என்ன பண்றீங்க?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மூடி விழுந்துடுச்சு. தேடறேன்."

"கால்கிட்டயே கிடக்கே."

"பார்த்துட்டேன்."

"பார்த்தா எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்கலாம். என்ன அவசரம்?"

"பத்து நிமிஷமா குழாய்ல தண்ணி ஓடுது."

"இது ஒரு பயிற்சி. இப்படியே நின்னா மூச்சு கட்டுப்படும். மாஸ்டர் சொன்னார்."

"வாய் நிறைய நுரையோட நிக்கச் சொன்னாரா? முதுகு வலிக்குதா?"

"வலியா? எனக்கா? வெறும் பிடிப்பு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வலின்னா முதுகு கெட்டுப் போகுதுன்னு அர்த்தம். பிடிப்புன்னா பலமாகுதுன்னு அர்த்தம். சிமெண்ட் காயற மாதிரி."

"அப்ப காயட்டும்" என்று குழாயை மூடிவிட்டு அவள் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். சிமெண்ட் இன்னும் கால் மணி நேரம் காய்ந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கைக்கு மேல் ஒரு கை வைத்து ஏறி நிமிர்ந்தார்.

கடையிலும் அவர் வளையவில்லை. கண் பரிசோதிக்க வந்த குள்ளமான அம்மாளை மூன்று மெத்தைத் திண்டுகள் போட்டு உயரத்தில் உட்கார வைத்தார். கண்ணுக்குத் தெரியாத சின்னத் திருகாணி ஒன்று கீழே விழுந்தது. "அது பழசும்மா, போகட்டும்" என்று புதுசு போட்டார். சாயங்காலம் பார்த்தால் ஏழு திருகாணி, இரண்டு கண்ணாடி வில்லை, துடைக்கும் துணி, அவருடைய சொந்தப் பேனா எல்லாம் தரையில் கிடந்தன. கீழே தனியாக ஒரு கடையே திறக்கலாம்.

ஆனால் மூளைக்குப் பிடிப்பு எதுவும் இல்லையே! ஒரு திட்டம் போட்டார். படுத்தால்தானே எழுந்திருக்க வேண்டும்? படுக்காவிட்டால்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தார்.

"இன்னிக்கு நான் இதுலயே தூங்கப் போறேன். கடைசி வகுப்புக்கு முந்தின நாள் வீரன் முதுகைக் கீழ வைக்கக் கூடாது."

"தாராளமா தூங்குங்க. மெத்தையைத் திருப்பிப் போட்டிருக்கேன். பள்ளமா இருக்கான்னு ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்களேன்."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். கண்ணாடிக்காரர் போய்ப் படுத்தார். அவள் முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணைகளைச் செருகினாள்.

"இது எதுக்கு?"

"வைக்க வேற இடம் இல்ல. பள்ளமா இருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுந்து போய் நாற்காலில தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். கண்ணாடிக்காரர் அங்கேயே தூங்கினார். வேறு என்ன செய்வார்?

பொழுது விடிந்தது. மனைவி காபி டம்ளரோடு கட்டிலருகே வந்தாள்.

"மணி ஆறரை."

"தெரியும். எழுந்திருக்கப் போறேன்."

"எழுந்திருங்க."

"மேல கூரைல ஒரு விரிசல் இருக்கு. அதைப் பார்த்துட்டிருக்கேன்."

"அது போன வருஷத்து விரிசல். வலிக்குதுன்னு சொல்லுங்க, எழுப்பி விடறேன்."

"சொன்னா போக விட மாட்டே."

"மாட்டேன்."

"அப்ப வலிக்கல."

வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். அது மட்டும்தான் ஆடியது. ஆரம்பித்ததை முடித்தவர் என்ற பெயர் அவருக்கு என்றைக்கும் கிடையாது. புல்லாங்குழல் இரண்டு மாதம், தோட்டம் ஒரு மழை, நாட்குறிப்பு ஜனவரி ஆறாம் தேதி வரை. இது ஒன்றுதான் முடிகிற மாதிரி வந்தது. முப்பத்தெட்டு வகுப்பில் எத்தனையோ பேர் மேலே உட்கார்ந்தும் தோற்காதவர், கடைசியில் ஒரு கட்டிலிடமா தோற்பது? கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பலாம் என்றால் கழுத்தும் திரும்பவில்லை.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.  அவர் முழங்கால்களை மடக்கினாள், படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தாள், ஒரே இழுப்பு. பலகை மொத்தமாக ஒருக்களித்தது. கால்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கின, தோள் தானாக மேலே வந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"இது எந்தப் பிடி?" என்றார் பிரமித்துப்போய்.

"வார்டு பிடி. தினம் பன்னெண்டு பேரைப் புரட்டறேன். நூறு கிலோ ஆளெல்லாம் உண்டு. கிளம்புங்க, நானும் வரேன்."

மாடிப்படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறி வந்த கண்ணாடிக்காரரை மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, இன்னிக்கு ஓரமா உக்காருங்க."

"முடியாது மாஸ்டர். ஒரு ஆட்டமாவது இறங்கியாகணும்."

"இந்த முதுகோட உங்களை யார்கிட்டயும் விட மாட்டேன். கெஞ்சினாலும் சரி."

கண்ணாடிக்காரரின் மூன்று மாதமும் பாயின் ஓரத்திலேயே முடியப் பார்த்தது. அப்போது மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"என்னோட இறங்கட்டும் மாஸ்டர். நான் பதமா பிடிப்பேன்."

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கட்டியவள் என்றால் இவளல்லவா! கூடவே, இத்தனை நாள் கற்ற வித்தையை இவளுக்குக் கொஞ்சம் காட்டலாம், பயந்துவிடாதபடி லேசாக, என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஓடி முடிவதற்குள் அவள் ஒரு கையை முழங்காலுக்குப் பின்னாலும் ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் கொடுத்து அவரைத் தரையில் கிடத்திவிட்டாள். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல அத்தனை மெதுவாக. முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன, அதன் மேல் அவள் முழங்கை வந்தது. எங்கேயும் வலிக்கவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முதுகு சுகமாக இருந்தது. ஆனால் இம்மி நகர முடியவில்லை.

"விடு."

"தட்டுங்க, விடறேன்."

"தட்ட மாட்டேன்!"

"சரி. எனக்கு எட்டு மணி நேரம் டியூட்டி பார்த்துப் பழக்கம்."

பையன்கள் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். இடுப்பை முறுக்காமல் ஒருவரை எப்படிக் கிடத்துவது, விறைத்த முதுகை எப்படித் தளர்த்துவது என்று அவள் கண்ணாடிக்காரரைத் தொட்டுத் தொட்டுக் காட்டி விளக்கினாள். ஒரு பையன் சந்தேகம் கேட்டான். அவரை அந்தப் பக்கமாகப் புரட்டிச் சந்தேகத்தைத் தீர்த்தாள். மாஸ்டரே குறிப்பு எடுத்தார். மணி அடித்தது.

"தட்டல!" கண்ணாடிக்காரர் கிடந்த கிடையிலேயே கூவினார். "முப்பத்தொன்பதும் முடிஞ்சுது! ஒரு தடவைகூடத் தட்டல!"

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் மனைவி. "இனிமே மல்யுத்தத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவள் பேசவும் இல்லை. மாஸ்டர்தான் பேசினார். இனி சனிக்கிழமைதோறும் முதுகுக்கென்று தனி வகுப்பு, அதை சிஸ்டர் நடத்துவார்கள். முதுகில் கோளாறு உள்ள யாரும் சிஸ்டரின் கையெழுத்து இல்லாமல் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. முதல் ஆள் அண்ணன்தான்.

கையெழுத்துதானே, வீட்டிலேயே கிடைக்கிற சரக்கு என்று கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டார். மூன்று வாரம் சொன்னதைச் செய்தார். வெந்நீர்ப் பை வைத்தார். படுத்தே கிடக்காமல் தெருவில் மெதுவாக நடந்தார். கூடத்தில் நான்கு காலில் நின்று பூனை மாதிரி முதுகை ஏற்றி இறக்கினார். முதுகு முக்கால்வாசி வழிக்கு வந்தது. மூன்றாவது வார முடிவில் மாஸ்டர் கொடுத்த தாளை மனைவியிடம் நீட்டினார்.

"முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"பிரமாதம். வலியும் இல்ல, பிடிப்பும் இல்ல."

"காலைல சாக்ஸ் மாட்டறப்ப 'ஐயோ அம்மா'ன்னு யாரு கத்தினது?"

"அது... அம்மா ஞாபகம் வந்தது."

"பொய் சொல்றவருக்குக் கையெழுத்துப் போட முடியாதுங்க. எங்க வார்டுல படுத்திருக்கறவங்க பாதிப் பேர், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லியே வந்து சேர்ந்தவங்க. உங்களையும் அங்க வெச்சு நான் புரட்டணுமா?" அவள் குரல் கம்மியது. பொய்க் கம்மல் இல்லை. இத்தனை நாளும் அவள் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடிக்காரர் உருகிப்போனார். முப்பத்தொன்பது வகுப்பில் எந்தப் பிடியிலும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. சொல்லத்தான் போகிறோம், அதையும் ஆண்பிள்ளையாகச் சொல்வோம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி முழங்கினார்.

"வலிக்குது! இடுப்புக்கு மேல, இடது பக்கம்! குனிஞ்சா வலிக்குது! போதுமா? உண்மையைச் சொல்லிட்டேன். போடு கையெழுத்தை!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை மூடினாள்.

"நீங்களே வலிக்குதுன்னு சொன்னப்புறம் எப்படிங்க அனுப்புவேன்? இன்னும் மூணு வாரம்."