தும்புத்தடியின் புண்ணியம்

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோவ்னர் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வாசலில் சப்பாத்து மலை. அதிலிருந்து உருகிய பனித்தண்ணீரை நீண்ட பிடியில் நார் கட்டிய ஒரு தும்புத்தடி ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தது. மேடையில் மின்னொளிச் சுவாமி. அவர்முன் நின்று குழல்விளக்கைக் கையில் பிடிக்க வேண்டும். வயர் கிடையாது. புண்ணியவான் கையில் எரியும், பாவி கையில் எரியாது. பொறியியலாளர்களும் வரிசையில் நின்றார்கள், படித்த படிப்பைச் சப்பாத்தோடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு.

வரிசையில் நின்ற விமலாதேவியின் கையில் போன வாரம் எரியவில்லை.

"உன்ர நம்பிக்கை ஆசுப்பத்திரியிலை கிடக்குது," என்றார் சுவாமி. "மனுசன்ர நெஞ்சு ஒப்பரேசனை நிப்பாட்டு. பிறகு எரியும்."

ஒப்பரேசன் புதன்கிழமை. வேண்டாம் என்று கணவர் ஆனந்தராஜா கையெழுத்திட்ட கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. கடவுளுக்கு டொக்டர்மாரோடு அப்படி என்ன போட்டி என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

கூட வந்தவள் தங்கை மகள் சோபிகா. மின்வேலை செய்கிறவள். சுவாமியின் மேசையை மூடிய பட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் நின்ற மேரியம்மாவின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஏமாறுவதில் நமக்கு மதபேதம் இல்லை. சோபிகா வாசலிலிருந்து தும்புத்தடியைக் கொண்டுவந்து, இன்னொரு குழல்விளக்கை அதன் ஈரத் தும்புக்குள் செருகி, பக்கத்தில் நிமிர்த்தினாள். அதுவும் எரிந்தது.

சுவாமியின் கால் அசைந்தது. இரண்டும் அணைந்தன.

"சுவாமி, தும்புத்தடி எப்ப விரதம் இருந்தது?" என்று கேட்டபடி பட்டுத்துணியை உயர்த்தினாள். உள்ளே பெரிய கம்பிச்சுற்று. சுவாமியின் பெருவிரலுக்குக் கீழே சுவிட்ச்.

"டெஸ்லா எண்ட மின்பொறியாளர் இதை நூற்றிமுப்பது வருசத்துக்கு முன்னமே மேடையிலை செய்து காட்டினவர். இந்தச் சுற்றுக்குக் கிட்டப் பிடிச்சால் விளக்கு வயரில்லாமல் எரியும். அந்த மனுசன் ஒருத்தரையும் பாவி எண்டு சொல்லேல்லை."

நம் வீடுகளுக்கு மின்சாரம் வர உழைத்த அந்த மனிதர் ஹோட்டல் அறையில் தனியாகச் செத்தார். அவர் வித்தையைத் திருடியவருக்கு லில்லெஸ்ட்ரோமில் ஆசிரமம்.

சுவாமி பின்கதவால் நழுவப் பார்த்தார். அவர் சப்பாத்து முன்வாசல் மலைக்குள் கிடந்தது. பனியில் வெறுங்காலோடு எந்தத் தெய்வமும் ஓடாது.

விமலாதேவி கடிதத்தைக் கிழித்தாள். "தும்புத்தடிக்கு இருக்கிற புண்ணியம்கூட எனக்கில்லை எண்டு நம்பி, என்ர மனுசனைச் சாகக் குடுக்கப் பாத்தனே."

முன்வரிசையில் நின்ற சூசைரட்ணம் என்ற பக்தர் தும்புத்தடியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றாள் விமலாதேவி, "கையை இறக்கிப்போட்டு யோசியுங்கோ. தும்புத்தடியாலை யோசிக்க மட்டும் ஏலாது."