சனிக்கிழமை மாட்னிக்கு லண்டன் வைத்தியம்

அறுபத்திரண்டாம் வருஷம், லண்டனில் மனோவைத்தியம் படித்த இரண்டு டாக்டரம்மாக்கள் திருச்சிக்குத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி சினிமாவில் வந்தாள், சிரிப்புப் படம். இன்னொருவர் நிஜமாகவே வந்து கண்டோன்மென்டில் போர்டு மாட்டினார், பெயர் பாக்கியமேரி. திருவானைக்காவல் வேலம்மாள் முதலாமவளை மூன்று தடவை பார்த்துவிட்டாள். அவள் புருஷன் வீரமலை இரண்டாமவரைப் பற்றிக் கேள்விப்பட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீரமலைக்குச் சினிமா என்றால் வேப்பங்காய். சனிக்கிழமை அதைவிடக் கசப்பு. மதியம் வெல்ல மண்டியைப் பூட்டிவிட்டு வந்தால் வீடும் பூட்டியிருக்கும். வேலம்மாள் மாட்னிக்குப் போயிருப்பாள். ஊருக்கே வெல்லம் விற்கிற மனுஷன், கூஜாவில் சில்லிட்டுக் கிடக்கும் காப்பியைத் தானே ஊற்றிக் குடிக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தார். மிரட்டிப் பார்த்தார். ஒரு வாரம் மௌன விரதம்கூட இருந்தார். விரதத்தை வேலம்மாள் கவனிக்கவே இல்லை.

இந்த மாட்னிக்கு மங்களம் பாடாமல் விடுவதில்லை என்று கோபுரத்தைப் பார்த்துச் சபதம் செய்தார். லண்டன் டாக்டரே சொல்லிவிட்டால் மறுபேச்சு ஏது?

"வேலு, கிளம்பு. உன்னை ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டணும்."

"எனக்கு என்னங்க? நல்லாத்தானே இருக்கேன்."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சினிமாக் கொட்டகையிலேயே கிடக்கு. இவங்க மனசுக்கு வைத்தியம் பாக்கறவங்க. லண்டன்லேர்ந்து வந்திருக்காங்க."

"லண்டன்லேர்ந்தா? சோபாவுல படுக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்களே, அந்த மாதிரியா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"படத்துல பார்த்தேங்க. இருங்க, புடவை மாத்திட்டு வரேன்."

இவ்வளவு சுலபமாக மசிந்துவிட்டாளே என்று வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பூரிப்பில், படத்தில் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் பாக்கியமேரி வேலம்மாளைப் பார்த்து இதமாகக் கேட்டார். "சொல்லுங்கம்மா. ராத்திரி தூக்கம் வருதா?"

வைத்தியரிடம் போனால் பெண்டாட்டிக்கும் சேர்த்துப் புருஷனே பதில் சொல்வது அந்த வீட்டு வழக்கம். அவளுக்குப் பல்வலி என்றால்கூட எந்தப் பல் என்று வீரமலைதான் சொல்வார்.

"தூக்கம் எங்கங்க? வெள்ளிக்கிழமை ராத்திரியே கவலை ஆரம்பிச்சிடும். மறுநாள் மாட்னியாச்சே!"

"யாருக்குக் கவலை?"

"எனக்குத்தாங்க!"

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அடடா, வைத்தியம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று வீரமலை நினைத்தார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரவில்லை.

"அவளுக்குச் சொல்லத் தெரியாதுங்க, நான் சொல்றேன். பூட்டின கதவைப் பார்த்தாலே படபடன்னு வரும். கூஜாவைப் பார்த்தா அழுகையே வந்துடும்."

"நின்னுக்கிட்டே சொல்லாதீங்க. இப்படிச் சோபாவுல சாஞ்சுக்குங்க."

மரியாதை தெரிந்த டாக்டர் என்று வீரமலை சாய்ந்தார். மேலே மின்விசிறி சுழன்றது. கூஜா காப்பியில் ஆரம்பித்தவர், சின்ன வயதில் தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்துபோனது வரைக்கும் போய் மூக்கைச் சிந்தினார். அவர் பேச்சை இவ்வளவு நேரம் யாரும் குறுக்கிடாமல் கேட்டதே இல்லை. சொன்னால் வெட்கம், அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது.

டாக்டர் வேலம்மாள் பக்கம் திரும்பினார். "இவரைக் கூட்டிக்கிட்டு வந்தது ரொம்ப நல்லதாப் போச்சும்மா."

வீரமலை துள்ளி எழுந்தார். "டாக்டர்! நோயாளி அவதாங்க!"

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வாராவாரம் தனியா வாங்க. சனிக்கிழமை மூணு மணி தோதுப்படுமா?"

வேலம்மாள் அங்கே வந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"பேஷாத் தோதுப்படும் டாக்டர். அந்த நேரத்துல இவருக்கு வேலையே கிடையாது."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம். சோபாவிலிருந்து அவரும் கொட்டகையிலிருந்து அவளும் வந்து ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது.

"என்ன படம் இன்னிக்கு?"

"அதே லண்டன் டாக்டரம்மா படம்தாங்க."

"அப்படி என்னதான் கதை அது?"

"ஒருத்தரு பெண்டாட்டியை வைத்தியத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறாருங்க. அந்தம்மா வாயே திறக்கலை. டாக்டரு அவரைப் பிடிச்சு சோபாவுல படுக்க வெச்சிடறாங்க."

வீரமலை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில... அந்த ஆளுக்குக் குணமாயிடுதா?"

"குணமாயிட்டா, அந்தம்மா எப்படிங்க மாட்னிக்குப் போறது?"